பற்றவைத்த எஃகு: டேவிட் ஸ்மித்தின் சிற்பப் பயணம்

அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1965 மே மாதம் லாரி விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 59. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஜார்ஜ் ஏரிக்கரையில் உள்ள போல்டன் லேண்டிங் என்ற சிற்றூரில் அவருடைய வீடும் பட்டறையும் இருந்தன. வீட்டை ஒட்டிய வயல்களில் எண்பதுக்கும் மேற்பட்ட உலோகச் சிற்பங்களை அவரே இடம் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை சில. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட் அடித்தவை சில. பழைய இடுக்கி, சக்கரம், கலப்பை உறுப்பு ஆகியவற்றைக் கோத்துத் துருவேற விட்டவை சில. ஒல்லியாக ஆளுயரம் நிற்கும் உருவங்களும் இருந்தன. காற்றில் கோடு கிழித்ததுபோல் கிடைமட்டமாகப் பரவியவையும் இருந்தன.

இவ்வளவு வேறுபட்ட வேலைகளை ஒரே கலைஞரின் வளர்ச்சியாக எப்படிப் படிப்பது? ஸ்மித்தைப் பற்றிய விமர்சனங்கள் பலவற்றின் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். பரவலான விடை ஒரு படிக்கட்டுக் கதை: ஐரோப்பியரைப் பின்பற்றித் தொடங்கினார், போருக்குப் பின் கோட்டோவியம் போன்ற சிற்பங்களுக்கு வந்தார், பிறகு பழைய இரும்புகளைச் சேர்த்தார், கடைசியில் 'கியூபி' வரிசையின் தூய வடிவியலில் உச்சம் தொட்டார். சொல்வதற்கு எளிதான கதைதான். ஆனால் படைப்புகளின் தேதிகளையும் பட்டறையில் அவர் வேலை செய்த முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது நிற்கவில்லை. ஸ்மித் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஏறியவர் அல்ல. பல வரிசைகளை ஒரே சமயத்தில் திறந்து வைத்து உழைத்தவர். அவருடைய ஒருமை உருவத்தில் இல்லை, வேலைமுறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொழிற்சாலையும் ஓவியப் பள்ளியும்

ஸ்மித் 1906 மார்ச் 9 அன்று இண்டியானா மாநிலத்தின் டெகாட்டர் நகரில் பிறந்தார். தந்தை தொலைபேசித் துறைப் பொறியாளர். தாய் பள்ளி ஆசிரியை. கல்லூரிப் படிப்பு அவருக்குப் பிடிபடவில்லை. 1925 கோடையில் சவுத் பெண்ட் நகரின் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்பை வெட்டவும் ஆணி அடித்து இணைக்கவும் பற்றவைக்கவும் அங்கேதான் கற்றார். பணத்துக்காகச் சேர்ந்த வேலைதான் அது. சிற்பம் செய்யும் எண்ணமே அப்போது அவருக்கு இல்லை.

1926 இல் நியூயார்க் வந்தவர் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் பள்ளியில் ஓவியம் படித்தார். அங்கே யான் மத்துல்கா என்ற ஆசிரியர் வழியாகக் கியூபிசம் அறிமுகமாயிற்று. உடன் படித்த டோரதி டேனரை 1927 இல் மணந்தார். இருவரும் 1929 இல் போல்டன் லேண்டிங்கில் ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். ஓவியம் பயின்ற கண்ணும் தொழிற்சாலை பழக்கிய கையும் இந்த ஆண்டுகளில் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே இருந்தன. அவற்றை இணைத்தது ஒரு பத்திரிகை.

ஓவியர் ஜான் கிரகாம் பாரிஸ் சென்று வருபவர். அங்கு நடப்பவற்றை நியூயார்க்கின் இளம் கலைஞர்களுக்குச் சொல்லிவந்தவர். அவர் மூலமாக ஸ்மித் 'கஹியே தார்' என்ற பிரெஞ்சுக் கலைப் பத்திரிகையைப் பார்த்தார். பிக்காசோவும் ஹூலியோ கோன்சாலஸும் சேர்ந்து பற்றவைத்த இரும்புச் சிற்பங்களின் படங்கள் அதில் இருந்தன. பார்சிலோனாவின் உலோகக் கைவினைக் குடும்பத்தில் பிறந்த கோன்சாலஸ், பாரிஸில் ஒரு கார்த் தொழிற்சாலையில் கேஸ் வெல்டிங் கற்றவர். ஸ்மித்துக்குப் பிரெஞ்சு தெரியாது. படங்களே போதுமாக இருந்தன. தொழிற்சாலையில் தான் செய்த அதே வேலை கலையாகவும் முடியும் என்பதை அந்தப் பக்கங்கள் காட்டின. 1956 இல் ஸ்மித் கோன்சாலஸைத் தீச்சுவாலைக் கருவியின் முதல் ஆசான் என்று போற்றிக் கட்டுரை எழுதித் தன் கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இங்கே நடந்த மாற்றத்தின் அளவைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்பிருந்த முறையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய உலோகச் சிற்பம் பெரும்பாலும் வார்ப்புச் சிற்பம். சிற்பி களிமண்ணிலோ பிளாஸ்டரிலோ உருவம் செய்வார். வார்ப்பகம் அதை வெண்கலத்தில் வார்த்துத் தரும். உருவம் முடிந்த பிறகுதான் உலோகம் வரும். பற்றவைக்கும் சிற்பத்தில் உலோகமே முதலில் வருகிறது. ஒரு துண்டை இன்னொரு துண்டோடு வைத்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் வெட்டி எடுத்து இடம் மாற்றலாம். கனத்த திரள் தேவையில்லை. வெற்றிடமும் சிற்பத்தின் பகுதியாகிறது. செய்கிற நேரத்திலேயே முடிவெடுக்கலாம் என்ற இந்த உரிமையை ஸ்மித் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1933 இல் போல்டன் லேண்டிங்கில் இரவல் வெல்டிங் கருவியைக் கொண்டு ரம்பத் தகடு, சங்கிலி போன்றவற்றிலிருந்து தன் முதல் இரும்புத் தலைகளைச் செய்தார். அடுத்து புரூக்ளின் துறைமுகக் கரையில் 'டெர்மினல் அயர்ன் வொர்க்ஸ்' என்ற இரும்புப் பட்டறையில் இடம் கிடைத்தது. கப்பல் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு நடுவே சிற்பம் செய்தார். 1940 இல் நகரத்தை விட்டுப் பண்ணைக்கே குடிபெயர்ந்தபோது, தன் சொந்தப் பட்டறைக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார். கலைக்கூடம் என்று சொல்லாமல் இரும்புப் பட்டறை என்றே சொன்னதில், தன்னை எந்தக் கூட்டத்தோடு சேர்த்துப் பார்க்க விரும்பினார் என்பது தெரிகிறது.

போரின் ஆண்டுகள்

1935–36 இல் ஸ்மித்தும் டேனரும் பாரிஸ், கிரேக்கம், லண்டன், சோவியத் ரஷ்யா எனப் பயணம் செய்தார்கள். லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமேரிய முத்திரைகளையும், முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் செய்யப்பட்ட பதக்கங்களையும் ஸ்மித் கண்டார். பாசிசம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஊர் திரும்பியதும் 1937 முதல் 1940 வரை 'அவமதிப்புப் பதக்கங்கள்' என்ற 15 வெண்கலப் புடைப்புகளைச் செய்தார். வீரத்துக்குப் பதக்கம் தரும் வழக்கத்தை அவர் தலைகீழாக்கினார். ஆயுத வியாபாரிகள், விஷவாயு, குண்டுவீச்சுக்கு இரையாகும் குடிமக்கள், போருக்குப் போகாமல் தப்பிக்கும் பணக்காரப் பிள்ளைகள் என ஒவ்வொரு பதக்கமும் ஒரு குற்றத்தை நெருக்கமான நுண்ணுருவங்களில் செதுக்கிக் காட்டுகிறது. இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை கோபத்தை அடக்கியவை அமெரிக்கச் சிற்பத்தில் குறைவு. பிற்காலத்து அருவச் சிற்பங்களை மட்டும் வைத்து ஸ்மித்தை மதிப்பிடுகிறவர்கள் இவற்றை இளமைக்கால அரசியல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமன்று. உலோகத்துக்கு அழிக்கும் தன்மையும் உண்டு என்ற உணர்வு அவரிடம் கடைசிவரை இருந்தது. எஃகு தன்னுடன் சுமந்து வருவது ஆற்றல், கட்டமைப்பு, இயக்கம், முன்னேற்றம் ஆகியவற்றோடு அழிவும் கொடூரமும்தான் என்று அவரே பின்னாளில் எழுதினார்.

அந்த உண்மையை அவர் தன் கையாலேயே தொட்டார். 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்டடி நகரின் அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனியில் வெல்டராக வேலை பார்த்தார். ரயில் எஞ்சின்களும் எம்7 என்னும் பீரங்கி வண்டிகளும் அங்கே தயாராயின. கவசத் தகடுகளைப் பற்றவைக்கும் முதல்தர வெல்டர் என்ற தகுதியைப் பெற்றார். பெரிய தகடுகளைக் கையாளும் தைரியம் அவருக்கு வந்தது இந்த வேலையிலிருந்துதான். ஆனால் போரின் இறுதியிலும் அதன் பிறகும் அவர் செய்தவை பெரியவையாக இல்லை. சிறியவையாக, மனத்துக்குள் புகுந்து தேடுபவையாக இருந்தன. 'வெல்டரின் வீடு' (1945) ஒரு வீட்டின் அறைகளைப் போல அமைந்த சிறு மேடை. வேலைச்சுமையும் குடும்ப வாழ்வின் ஏக்கங்களும் அதில் குறியீடுகளாக நெருக்கியடித்து நிற்கின்றன. பீரங்கியும் பறவையும் கலந்த 'போர்ப்பேய்' (1944), அழிந்துபோன ஆதிகாலக் கடற்பறவையின் எலும்புக்கூட்டைப் பார்த்துச் செய்த 'ராஜப் பறவை' (1947–48) ஆகியவையும் இந்த வரிசையைச் சேர்ந்தவை.

இந்த ஆண்டுகளைப் பேசும்போது டோரதி டேனரைப் பேசாமல் போவது பிழை. மின்சாரமும் வசதியும் குறைந்த பண்ணையில் வீட்டு வேலை, தோட்டம், சமையல் எல்லாவற்றையும் தாங்கியவர் அவர். அந்த வாழ்க்கையை 'பண்ணை வாழ்வு' என்ற சித்திரங்களாகவும் தீட்டினார். 1950 இல் ஸ்மித்தைப் பிரிந்த பிறகே, 1950களின் நடுவில், தானும் சிற்பியானார். பல பத்தாண்டுகள் தொடர்ந்து வேலை செய்தார். ஸ்மித்தின் பட்டறைச் சுதந்திரம் இன்னொரு கலைஞரின் உழைப்பின் மேலும் நின்றது என்பதை எந்த மதிப்பீடும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெளியில் வரைந்த கோடு

1950, 1951 ஆகிய இரு ஆண்டுகளும் குகன்ஹைம் நல்கை கிடைத்தது. கல்லூரியில் பாடம் நடத்தி மிச்சம் பிடித்த பணத்தில் இரும்பு வாங்கிவந்தவருக்கு, முதன்முறையாக முழுநேரம் பட்டறையில் இருக்கவும் போதுமான எஃகு வாங்கவும் முடிந்தது. அளவும் எண்ணிக்கையும் ஒரேயடியாகப் பெருகின.

'ஹட்சன் நதி நிலக்காட்சி' (1951) ஆல்பனிக்கும் பொகீப்சிக்கும் இடையே ரயிலில் போய்வந்தபோது வரைந்த பல சித்திரங்களிலிருந்து உருவானது. ஆறடிக்கு மேல் அகலம். ஆழம் மிகக் குறைவு. வளைந்த எஃகுக் கம்பிகள் ஆற்றின் மடிப்பையும் மேகத்தையும் படிக்கட்டுபோன்ற கரைகளையும் காட்டுகின்றன. நிலக்காட்சி அதுவரை ஓவியத்தின் சொத்து. சிற்பம் உடலைத்தான் செய்யும். அந்த வேலியை ஸ்மித் இதில் தாண்டினார். அதே ஆண்டில் செய்த 'ஆஸ்திரேலியா' ஒன்பதடி அகலத்தில் பரந்த ஒரு பாய்ச்சல். பூச்சியா, பறவையா, விலங்கா என்று சொல்ல முடியாத அந்த உருவம் மெல்லிய தண்டின்மேல் வானத்தில் வரைந்ததுபோல் நிற்கிறது.

இந்தச் சிற்பங்களைச் சுற்றி நடந்து பார்ப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் காண்பார்கள். முன்னிருந்து பார்க்கும்போது விரிந்த உருவம், பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒடுங்கி ஒரு கோடாகிவிடுகிறது. ஒரு பக்கத்தைக் கொண்டு இன்னொரு பக்கத்தை ஊகிக்க முடியாது. விமர்சகர் ரோசலிண்ட் கிராஸ் 1971 இல் வெளியிட்ட நூலில் இதையே தன் வாதத்தின் மையமாக வைத்தார். ஸ்மித்தின் சிற்பம் பார்ப்பவர் கைக்கு அகப்படாமல் விலகி நிற்கிறது. குலச்சின்னத்துக்குரிய தொலைவு அதற்கு உண்டு என்றார். ஸ்மித்தைக் கோன்சாலஸின் வழித்தோன்றலாக மட்டும் பார்த்த பார்வையைத் திருத்திய வாதம் இது. ஆண்டுக்கு 300 முதல் 400 வரை பெரிய சித்திரங்கள் வரைவதாக ஸ்மித்தே சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்துப் பார்த்தால், ஓவியரின் தட்டையான தளமும் சிற்பியின் திடப்பொருளும் அவருக்குள் ஓயாமல் முட்டிக்கொண்டிருந்தது விளங்கும். தன்னை ஓவியர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவராகவே அவர் எண்ணினார்.

இணையாக ஓடிய வரிசைகள்

1951 முதல் ஸ்மித் வரிசை வரிசையாகப் பெயரிட்டு வேலை செய்தார். படிக்கட்டுக் கதை உடைவது இங்கேதான்.

'அக்ரிகோலா' வரிசை 1951 முதல் 1957 வரை நீண்டது. கைவிடப்பட்ட பண்ணைக் கருவிகளின் உறுப்புகளைப் பற்றவைத்து, உழவருக்குரிய லத்தீன் பெயரை அவற்றுக்கு இட்டார். 'டேங்க்டோட்டம்' வரிசையின் பத்துச் சிற்பங்களும் 1952 முதல் 1960 வரை செய்தவை. கொதிகலன்களுக்கான குழிந்த மூடித் தகடுகளைத் தொழிற்சாலைகளிலிருந்து வாங்கி, அவற்றை உடலாகவும் தலையாகவும் வைத்து ஒல்லிக் கால்களில் நிற்க வைத்தார். முதல் வரிசையில் பயன்பட்டுத் தேய்ந்த இரும்பு. இரண்டாவதில் புத்தம்புதிய ஆலைத் தகடு. ஒரே பட்டறையில், ஒரே ஆண்டுகளில் இரண்டும் பிறந்தன.

1955 இல் இண்டியானாவில் பாடம் நடத்தச் சென்றபோது பவர் ஹேமர் உள்ள ஒரு கொல்லுப் பட்டறை கிடைத்தது. எஃகுக் கம்பத்தை அடித்து, பிளந்து, துளையிட்டு 'ஃபோர்ஜிங்ஸ்' என்ற வரிசையைச் செய்தார். ஆளுயரத்தையும் தாண்டும் நேர்கோடுகள் அவை. ஏறக்குறைய வேறெதுவும் இல்லை. அமெரிக்கச் சிற்பம் மிகக்குறைந்த கூறுகளைத் தேடிச் செல்வதற்குப் பத்தாண்டு முன்பே செய்யப்பட்டவை. அந்த வழியிலேயே போயிருந்தால் அவர் வேறொரு சிற்பியாகியிருப்பார்; ஸ்மித் அதில் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே 'காவலர்கள்' வரிசையில் மனித நிமிர்வுக்குத் திரும்பினார்.

1961 முதல் 1965 வரையிலான காலம் இன்னும் தெளிவானது. வண்ணம் தீட்டிய வளைதகடுகளின் 'ஸிக்' வரிசை, 'வட்டம்' வரிசை, சக்கரம் வைத்த 'வண்டி' வரிசை, இத்தாலியக் கருவிகளால் ஆன 'வோல்ட்ரி-போல்டன்' வரிசை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் 'கியூபி' வரிசை ஆகியவை ஒரே சமயத்தில் நடந்துகொண்டிருந்தன. 'கியூபி'யின் எண்களே காலவரிசைப்படி இல்லை: 'கியூபி 9' 1961 ஐயும் 'கியூபி 1' 1963 ஐயும் சேர்ந்தவை. இந்த ஒன்றை மட்டும் உச்சமென்று சொல்ல, அதே கோடையில் பக்கத்தில் நின்றவற்றை மறைத்தாக வேண்டும்.

வோல்ட்ரியில் ஒரு மாதம்

அவருடைய வேலைமுறை முழுமையாக வெளிப்பட்ட நிகழ்ச்சி 1962 இல் இத்தாலியில் நடந்தது. இசையமைப்பாளர் ஜான் கார்லோ மெனோட்டி நடத்திய ஸ்பொலேட்டோ விழாவுக்கு ஒன்றிரண்டு சிற்பங்கள் செய்துதர ஸ்மித்தை அழைத்தார்கள். இத்தால்சிதர் என்ற எஃகு நிறுவனம், ஜெனோவா அருகே வோல்ட்ரியில் மூடிக்கிடந்த தன் தொழிற்சாலையையும் சில தொழிலாளர்களையும் கொடுத்தது. 30 நாட்களில் 27 சிற்பங்களைச் செய்து முடித்தார். ஸ்பொலேட்டோவின் பழைய ரோமானிய அரங்கில் அவை படிவரிசைகளில் நின்றன.

இந்த வேகம் வியப்புக்காக மட்டும் சொல்லப்பட வேண்டியதில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். தொழிற்சாலையில் விட்டுப்போன இடுக்கிகள், சக்கரங்கள், உருட்டும்போது ஓரம் கிழிந்த தகடுகள், வேலைமேசைகள் ஆகியவையே அவருக்கு மூலப்பொருள். முன்கூட்டியே வரைந்து வைத்த திட்டம் இருந்திருந்தால் 27 நடந்திருக்காது. கண்ணில் படும் துண்டு அடுத்த துண்டைக் கேட்டது. தரையில் கிடத்திப் பார்த்து, சரியென்று பட்டதும் பற்றவைத்தார். 'வோல்ட்ரி 7' சக்கரங்களின்மேல் நீண்ட தேர்போல அமைந்தது; அதன்மேல் வளைந்த இரும்புகள் மனிதர்களைப்போல் வரிசையாக நிற்கின்றன. ஒரு முழு ரயில் தளவண்டியையே சிற்பமாக்கும் கனவும் அப்போது அவருக்கு இருந்தது, அது கைகூடவில்லை. மிஞ்சிய கருவிகளைக் கப்பலில் ஏற்றிப் போல்டன் லேண்டிங்குக்கு அனுப்பி, அவற்றிலிருந்து மேலும் 25 சிற்பங்கள் செய்தார். வழக்கொழிந்துபோன ஒரு தொழிலின் கருவிகளுக்கு இவ்வளவு மரியாதை செய்த சிற்பி வேறு யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

'கியூபி'யின் வெளிச்சம்

28 சிற்பங்கள் கொண்ட 'கியூபி' வரிசையே ஸ்மித்தின் புகழை உலகெங்கும் கொண்டுசென்றது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை வெட்டி, விளிம்பைப் பற்றவைத்து உள்ளீடற்ற பெட்டிகளும் உருளைகளும் செய்தார். முதலில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிப் பார்த்துச் சமநிலையைத் தேடுவதும் உண்டு. பெட்டிகள் நேராக ஒன்றின்மேல் ஒன்று உட்காருவதில்லை. மூலையில், விளிம்பில், விழுந்துவிடுமோ என்ற நிலையில் பிடித்து நிற்கின்றன. வெல்டிங்கின் பலமே இந்தத் துணிச்சலுக்கு ஆதாரம்.

மேற்பரப்பை ஆலையிலிருந்து வந்தபடியே அவர் விடவில்லை. கிரைண்டரால் சுழித்துச் சுழித்துத் தேய்த்தார். அந்தக் கீறல்கள் ஓவியரின் தூரிகை வீச்சைப்போல் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெயிலில் வைத்தால் ஒளி அந்தக் கீறல்களில் சிதறி, பெட்டியின் கனம் கரைகிறது. காலையில் நீலமும் மாலையில் பொன்னிறமும் அதில் ஏறுகின்றன. திறந்தவெளி வெளிச்சத்துக்கென்றே இவற்றைச் செய்ததாக ஸ்மித் சொன்னார். அருங்காட்சியக அறைக்குள் பார்ப்பவருக்கு இவற்றில் பாதிதான் கிடைக்கும். தொழிற்சாலைப் பொருளும் வடிவியலும் சேர்ந்த குளிர்ந்த சிற்பம் என்று 'கியூபி'யை வர்ணிப்பவர்கள், கை இழுத்த அந்தக் கீறல்களை மறந்துவிடுகிறார்கள்.

வண்ணத்தின் வழக்கு

ஸ்மித்தின் படைப்புக்கு நேர்ந்த மிகப் பெரிய அநீதி அவர் இறந்த பிறகு நடந்தது. இரும்பின்மேல் வண்ணம் பூசுவதை அவர் தொடக்கத்திலிருந்தே விட்டதில்லை. 1950 இல் சிவப்புப் பூசிச் செய்த '17 எச்கள்' என்ற சிற்பத்தின் பெயின்டை அதை வைத்திருந்தவர் உரித்துவிட்டார் என்று அறிந்ததும், 1960 இல் கலைப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அது இனித் தன் படைப்பு அல்ல என்று அறிவித்தார். இதைவிடத் தெளிவாக ஒரு கலைஞர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது.

அப்படியிருந்தும், அவருடைய சொத்தின் பொறுப்பாளர்களுள் ஒருவரான கிளமென்ட் கிரீன்பெர்க்கின் காலத்தில், வெள்ளைப் பூச்சிலிருந்த சில சிற்பங்களின் பெயின்ட் நீக்கப்பட்டது. சில மழையிலும் வெயிலிலும் நிறமிழக்க விடப்பட்டன. கிரீன்பெர்க் ஸ்மித்தை அவர் தலைமுறையின் மிகச்சிறந்த சிற்பி என்று ஆரம்பத்திலேயே அடையாளம் கண்ட விமர்சகர். ஆனால் ஸ்மித்தின் வண்ணம் அவருக்கு உவப்பாக இருந்ததில்லை. 1974 இல் ரோசலிண்ட் கிராஸ் 'ஆர்ட் இன் அமெரிக்கா' இதழில் முன்பின் புகைப்படங்களோடு இதை வெளிப்படுத்தினார். கலையுலகில் பெரும் விவாதம் எழுந்தது. வெள்ளை என்பது முடிவான நிறம் அல்ல, அடிப்பூச்சுதான் என்ற வாதமும் வந்தது. அடிப்பூச்சாகவே இருந்தாலும், அடுத்து என்ன செய்வது என்ற முடிவு அதைச் செய்தவருக்கே உரியது. தூய எஃகே ஸ்மித்தின் இலக்கு என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட பார்வை, தனக்குப் பொருந்தாததை உரித்தெடுக்கவும் துணிந்தது. படிக்கட்டுக் கதை எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு இதுவே சான்று.

மதிப்பீடு

ஸ்மித்தின் தாக்கம் பரந்தது. ஆங்கிலேயச் சிற்பி அந்தோனி காரோ 1959 இல் அமெரிக்கா சென்று வந்த பிறகு களிமண்ணை விட்டு எஃகுக்கு மாறினார். ஸ்மித் இறந்ததும் அவர் பட்டறையில் மிஞ்சிய எஃகை டன்கணக்கில் வாங்கித் தன் சிற்பங்களில் பயன்படுத்தினார். 2005 இல் 'கியூபி 28' ஏலத்தில் 2 கோடியே 38 லட்சம் டாலருக்கு விற்றது. வாழ்நாளின் பெரும்பகுதி இரும்பு வாங்கப் பணம் தேடியவரின் சிற்பத்துக்குக் கிடைத்த விலை அது. ஆனால் சந்தை எப்போதும் கடைசி வரிசையையே தூக்கிப் பிடிக்கிறது. அதனால் பதக்கங்களும் 1940களின் சிறு சிற்பங்களும் ஃபோர்ஜிங்குகளும் பின்னுக்குப் போய்விட்டன.

அவரை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் ஆண்டுவாரியாகப் பார்க்க வேண்டும், வரிசைவாரியாக அல்ல. 1951 இன் நிலக்காட்சிக்குப் பக்கத்தில் அதே ஆண்டு தொடங்கிய அக்ரிகோலாவை வைக்க வேண்டும். 1963 இன் கியூபிக்குப் பக்கத்தில் அதே ஆண்டின் வண்டியையும் இத்தாலிய இடுக்கிகளையும் நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஒவ்வொன்றும் மற்றதற்குச் சொல்லும் மறுமொழி கேட்கும். புதுத் தகடு, பழைய கருவி, வண்ணம், பளபளப்பு என எதையும் ஸ்மித் கடந்துபோகவில்லை. எல்லாவற்றையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தார். கலைஞர் தனக்கென ஒரு பாணியைக் கண்டடைந்து அதில் நிலைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை வலுவான மறுப்பு. பாணியைக் காப்பாற்றுவதைவிட வேலை செய்யும் சுதந்திரத்தைக் காப்பாற்றுவது பெரிது. ஸ்மித் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் காப்பாற்றினார். அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் காட்சி அமைக்கிறவர்களும் இனிமேலாவது அந்தச் சுதந்திரத்தின் முழு அகலத்தையும் குறைக்காமல் காட்ட வேண்டும்.